மக்காச்சோள நாரிலிருந்து எத்தனால்: ஆய்வகச் செய்முறை

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் கால்வா என்னும் சிற்றூரிலுள்ள குவாட் கவுண்டி ஆலை, மக்காச்சோள மணியின் நாரிலிருந்து 2014-இல் வணிக அளவில் எத்தனால் என்னும் எரிசாராயம் எடுத்தது. அதுவரை அந்த நார் பெரும்பாலும் கால்நடைத் தீவனமாகவே போய்க்கொண்டிருந்தது. அதே வேலையை ஆய்வக அளவில் செய்யும் முறை இது. எரிசாராயம் வடிப்பதற்கு உரிமம் வேண்டும் என்பதால், அதை முதலில் பெற்றுக்கொள்ளுங்கள்.

மாவு எடுத்தபின் எஞ்சும் ஈர நாரை நன்றாகக் கழுவி உலர்த்தி, ஒன்றரை சதவீதத்தைத் தாண்டாத, பொதுவாக அரை முதல் 1 சதவீதச் செறிவுள்ள நீர்த்த கந்தக அமிலத்தில் ஊறவைத்து, ஆட்டோகிளேவ் என்னும் நீராவி அழுத்தக் கலனில் 121 டிகிரி செல்சியசில் ஒரு மணி நேரம் வேகவிடுங்கள். அமிலமோ வெப்பமோ மிகுந்தால் கலவை கருத்து, வாதுமை வாசனை வரும். அது சர்க்கரை சிதைந்து உருவான ஃபர்ஃபுரால், ஈஸ்ட்டுக்கு நஞ்சு. அப்படி வாசனை எழுந்த கலவையைச் சரிக்கட்டப் பார்ப்பதைவிடக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவதே மேல் என்பது என் கருத்து.

ஆறியதும் சுண்ணாம்புப் பால் விட்டுக் காரகாடித்தன்மையை (pH) 5-க்குக் கொண்டுவந்து, அடியில் படியும் ஜிப்சத்தை வடிகட்டாமல் விட்டாலும் பாதகமில்லை. பிறகு நாரையும் மாவுச்சத்தையும் சர்க்கரையாக உடைக்கும் செல்லுலேஸ், ஹெமிசெல்லுலேஸ், அமைலேஸ் நொதிகளைச் சேர்த்து, 45 முதல் 50 டிகிரியில் மூன்று நாள் குலுக்கிக்கொண்டே வையுங்கள்.

இங்கேதான் புதியவர்கள் ஏமாறுவார்கள். நாரில் பெரும்பங்கு அரபினோசைலான் என்னும் ஹெமிசெல்லுலோஸ் வகை. அதிலிருந்து வரும் சைலோஸ், அரபினோஸ் என்னும் சர்க்கரைகளை ரொட்டி ஈஸ்ட் தொடாது. ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் லோனி இங்கிராம் குழு, ஸைமோமோனாஸ் பாக்டீரியாவின் மரபணுக்களை ஈ.கோலை என்னும் இன்னொரு பாக்டீரியாவில் புகுத்தி இச்சிக்கலைத் தீர்த்தது. அதற்கு 1991-இல் கிடைத்தது அமெரிக்காவின் 50,00,000-ஆவது காப்புரிமை. சாதாரண ஈஸ்ட்டைக் கொண்டே தொடங்கினால், குளுக்கோசை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள்: 100 கிராம் உலர் நாரில் மாவுச்சத்தும் செல்லுலோசும் சேர்ந்து 35 கிராம் இருந்தால், அது சுமார் 39 கிராம் குளுக்கோசாகி, உச்ச அளவாக 20 கிராம் எத்தனால் தரும்.

ஈஸ்ட் சேர்த்து, 30 டிகிரியில் நுரை அடங்கும்வரை புளிக்கவிட்டு, தீப்பிழம்பு அருகில் இல்லாத இடத்தில் வடியுங்கள். எத்தனை முறை வடித்தாலும் எடையில் 95.6 சதவீதத்துக்கு மேல் போகாது. எஞ்சிய நீரை 3 ஆங்ஸ்ட்ராம் துளையுள்ள ஜியோலைட் (நுண்துளைக் கனிமம்) மணிகள் உறிஞ்சும், எத்தனால் அத்துளைக்குள் நுழையாது. மணிகளைச் சூடேற்றி நீரை விரட்டினால் அவற்றையே மறுபடியும் பயன்படுத்தலாம்.