மலை நெருங்கினால் அணைந்த பேனல்

வீட்டுக் கணினியின் விமான சிமுலேட்டரில், சேலம் விமான நிலையம் இருக்கும் கமலாபுரத்தில் கிளம்பி செஸ்னா 172 என்ற சிறு விமானத்தை ஏற்காடு பக்கம் திருப்பினால் போதும், கணினியில் செருகியிருக்கும் ரேடியோ பேனல் பொசுக்கென்று அணைந்துவிடும். சேர்வராயன் உச்சி 5,300 அடிக்கு மேல். நான் இன்னும் 4,000-ல். திரையில்தான் மலை, ஆனாலும் கை வியர்த்தது.

பேனலை இயக்கும் டிரைவர் மென்பொருளை இரண்டு முறை அழித்துப் போட்டேன். சிமுலேட்டரையே புதிதாக ஏற்றியதில் ஒரு ஞாயிறு போச்சு. வீண் வேலை.

கண்டுபிடித்தது அஸ்தம்பட்டி வீட்டில் காபி கொண்டுவந்த மனைவிதான். "ஏங்க, அந்த ஆட்டோபைலட் பேனல்ல லைட் எரியறப்பல்லாம் இதுல நம்பர் மங்குது, பாருங்க."

என்னிடம் உள்ள மூன்று பேனல்களும் தனி மின்சாரம் இல்லாத ஒரே யூஎஸ்பி ஹப்பில், அதாவது ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் பெட்டியில். யூஎஸ்பி 2.0 போர்ட் ஒன்றுக்கு 500 மில்லிஆம்பியர்தான் கணக்கு. அதை மூன்றும் பங்குபோட்டன. ரேடியோ பேனலை மட்டும் கணினியின் பின்பக்க போர்ட்டில் செருகினேன். ஒரு மணி நேரம் அணையவில்லை.

அடாப்டர் உள்ள ஹப் வாங்கினேன். பிறகும் பேனல் ஒருமுறை தூங்கியது. அது விண்டோஸ் வேலை: டிவைஸ் மேனேஜரில், யூஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட்டில், மின்சாரம் மிச்சம்பிடிக்க அணைக்கலாம் என்ற டிக்கை எடுத்தேன்.

இப்போது ஏற்காடு ஏரியை வட்டமடித்துத் திரும்புகிறேன். அந்த அடாப்டர்தான் பிளக் பாக்ஸில் இரண்டு பேர் இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.