பேரடையின் அயலட்டை: கணக்குப் பிழைக்கும் இடங்கள்

பேரடைகள் (galaxies) நெரிசலாகக் கூடியிருக்கும் கொத்துகளில் சிவந்த நீள்வட்டப் பேரடைகள் மலிந்திருக்கும். வெளியே நீலச் சுருள் பேரடைகள். 1980இல் வானியலாளர் டிரெஸ்லர் 55 கொத்துகளை வைத்துக் காட்டிய தொடர்பு இது. ஸ்லோன் வான அளக்கையின் (SDSS) தரவை இறக்கி இதை மீண்டும் காட்டுவது பௌதிகம் படிக்கும் பிள்ளைகளுக்கு நல்ல இறுதியாண்டுச் செய்திட்டம். தரவு இலவசம், தொலைநோக்கி வேண்டாம், யாழ்ப்பாணத்தில் இருந்தபடி ஒரு மடிக்கணினியும் பைதனும் போதும். ஆனால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் எல்லோரும் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். அலகு மாறிப்போவது, நிரலில் அடைப்புக்குறி விடுபடுவது போன்றவை தாமே காட்டிக்கொடுத்துவிடும், அவற்றை விடுவோம். கீழே உள்ளவை காட்டிக்கொடுக்காது. வரைபு வடிவாகவே வரும், முடிவுதான் பிழை.

செம்பெயர்ச்சியைத் தூரமென்று நம்புவது

எல்லாவற்றிலும் எரிச்சலூட்டுவது இதுதான். பேரடை விலகும்போது அதன் ஒளி சிவப்புப் பக்கம் நகரும் அளவே செம்பெயர்ச்சி. அதிலிருந்து வேகம், அதை விரிவின் வீதமான ஹபிள் மாறிலி 70ஆல் (ஒரு மெகாபாசெக்குக்கு, செக்கனுக்கு 70 கிலோமீற்றர்; ஒரு மெகாபாசெக் சுமார் 32.6 இலட்சம் ஒளியாண்டு) வகுத்தால் தூரம், வானத்து ஆள்கூறுகளைச் சேர்த்தால் முப்பரிமாண இடம், நெரிசலை அளக்க, அதில் ஐந்தாவது அயல் பேரடை எவ்வளவு தள்ளி என்று ஒரு வரி நிரல். பார்க்கச் சுத்தமாக இருக்கும். கொத்துக்குள் அது முழுப் பொய்.

கன்னிக் கொத்தை (Virgo) எடுங்கள். மே முதல் வாரத்தில் இரவு பத்து மணி வாக்கில் யாழ்ப்பாணத்தில் ஏறக்குறையத் தலைக்கு நேரே நிற்கும். அதில் எம் 86, என்ஜிசி 4388 என்ற இரு பேரடைகள் சுமார் 18 வில்நிமிட இடைவெளியில் இருக்கின்றன. முழுநிலவின் அகலத்துக்குள் இரண்டும் அடங்கும். இரண்டும் அதே கொத்தைச் சேர்ந்தவை, கொத்தின் தூரம் ஏறத்தாழ 16.5 மெகாபாசெக். ஆனால் 4388 செக்கனுக்கு ஏறத்தாழ 2,500 கிலோமீற்றர் வேகத்தில் விலகுகிறது; எம் 86 கிட்டத்தட்ட 240 கிலோமீற்றர் வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது. 70ஆல் வகுத்துப் பாருங்கள்: ஒன்று 36 மெகாபாசெக்கில், மற்றது மைனஸ் மூன்றரையில். மைனஸ் தூரத்தைக் கண்டதும் பிள்ளைகள் பயந்து, செம்பெயர்ச்சி 0.001க்குக் குறைந்ததெல்லாம் வேண்டாம் என்று ஒரு வடியைப் போடுவார்கள். எம் 86 தரவிலிருந்தே காணாமற்போகும். 4388 நெரிசல் குறைந்த இடத்துப் பேரடையாகப் பதிவாகும். நல்லூர்த் தேரன்று வீதி நடுவே நிற்பவரை ஆளரவமற்ற இடத்தில் நிற்கிறார் என்று எழுதுவதற்கு இது சமம்.

கேடு அதோடு நிற்காது. 4388இலிருந்து உரிந்த ஐதரசன் வாயு 100 கிலோபாசெக்கைத் தாண்டிய வாலாக நீண்டு கிடக்கிறது. சூழல் ஒரு பேரடையை என்ன பாடுபடுத்தும் என்பதற்கு அதுவே சாட்சி. அந்தச் சாட்சியைத் தவறான பெட்டியில் போட்டுவிட்டு, ‘நெரிசலற்ற இடங்களிலும் வாயு குறைவு, ஆகவே சூழலின் தாக்கம் சொற்பம்’ என்று முடிவுரை எழுதிவிடுகிறார்கள்.

காரணம், கொத்துக்குள்ளே பேரடைகள் ஓடும் வேகம் விரிவின் வேகத்தோடு கலந்துவிடுவது. கோமா (Coma) என்ற பெரிய கொத்தில் வேகச் சிதறல், அதாவது உறுப்பினரின் வேகங்கள் சராசரியிலிருந்து விலகும் அளவு, செக்கனுக்குச் சுமார் 1,000 கிலோமீற்றர். அதைத் தூரமாக மாற்றினால் முன்னும் பின்னும் 14 மெகாபாசெக் போலி நீட்சி. கொத்தின் உண்மையான ஆரையோ 3 மெகாபாசெக் அளவுதான்.

செய்ய வேண்டியது இது. பேரடையின் வேகத்துக்கு இருபுறமும் 1,000 கிலோமீற்றர் சாளரம் வைத்து, அதற்குள் வருகிறவற்றின் வானத்துக் குறுக்குத் தூரத்தை மட்டும் அளவுங்கள். ஐந்தாவது அயலின் தூரத்தை வர்க்கித்து, பையால் (π) பெருக்கி, 5ஐ அதனால் வகுத்தால் பரப்பு அடர்த்தி. பெரிய கொத்துகளுக்கு இந்தச் சாளரமும் காணாது: கோமாவில் நடு வேகத்தில் உள்ள பேரடைக்கே மூன்றிலொரு பங்கு அயல்கள் வெளியே போய்விடும். அங்கே கொத்தின் சராசரி வேகத்தை மையமாக வைத்துச் சாளரத்தை 2,000 – 3,000 வரை திறவுங்கள், அல்லது யாங் குழுவினர் 2007இல் வெளியிட்டது போன்ற ஒரு குழுப்பட்டியலில் உறுப்பினர்களை எடுங்கள். கன்னிக் கொத்துக்கு ஹபிள் விதியே வேண்டாம். எல்லா உறுப்பினருக்கும் 16.5 மெகாபாசெக் என்று கொடுத்துவிடுங்கள்.

திணிவைச் சமப்படுத்தாதது

நெரிசலில் கனத்த பேரடைகள் கூட. கனத்தவை எங்கே இருந்தாலும் பெரும்பாலும் சிவப்புத்தான். அப்படியென்றால் உங்கள் வரைபு காட்டுவது சூழலையா, திணிவையா? விண்மீன் திணிவை மடக்கை அளவில் 0.2 அகலப் பெட்டிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தனித்தனியே ஒப்பிடுங்கள். இரண்டு தாக்கங்களையும் பிரித்துப் பார்க்கலாம் என்று பெங் குழுவினர் 2010இல் காட்டியது இந்த வழியில்தான்.

மங்கலானவற்றை அயலாக எண்ணுவது

ஸ்லோனின் முதன்மை மாதிரி 17.77 பருமனோடு நிற்கிறது (பருமன் என்பது தோற்ற ஒளிர்வின் அளவு, எண் கூடினால் மங்கல்). கிட்ட உள்ள இடத்தில் குள்ளப் பேரடைகளும் எண்ணப்படும், எட்டத்தில் பெரியவை மட்டும். தூரம் கூடக் கூட அடர்த்தி தானாகவே குறையும். செம்பெயர்ச்சி 0.08 வரை போவதானால் தனிப்பருமன் (தூரத்தின் தாக்கம் நீக்கிய உண்மை ஒளிர்வு) சுமார் −20ஐவிட ஒளிர்ந்தவற்றை மட்டும், கிட்டத்திலும் எட்டத்திலும் ஒரேமாதிரி, அயலாக எடுக்க வேண்டும்.

இழை நெருக்கம்

இந்தத் தரவில் ஒவ்வொரு பேரடையின் செம்பெயர்ச்சியும் தட்டில் செருகிய ஓர் ஒளியிழையால் எடுக்கப்பட்டது. ஒரே தட்டில் 55 வில்செக்கனுக்குள் இரண்டு இழைகளை வைக்க முடியவில்லை. செம்பெயர்ச்சி 0.1இல் அது 100 கிலோபாசெக். ஆகவே மிக நெருங்கிய சோடிகளில்தான் செம்பெயர்ச்சி விடுபடுகிறது, அதாவது உங்களுக்கு மிகவும் தேவையான இடத்தில்.

அளக்கையின் விளிம்பு

ஐந்தாவது அயலைவிட விளிம்பு கிட்டவா? அந்தப் பேரடையைத் தூக்கிவிடுங்கள்.

மையமும் துணையும்

குழுவின் நடுவே உள்ள பெரிய பேரடையையும் அதைச் சுற்றும் துணைப் பேரடைகளையும் ஒரே வரைபில் கலக்காதீர்கள்.

எல்லாப் பழியையும் அமுக்கத்தின் மேல் போடுவது

கொத்து வாயுவூடாக ஓடும் பேரடையின் வாயுவை உரிக்கும் அமுக்கம் என்று கன், கொட் இருவரும் 1972இல் சொன்னது, சூழ்ந்துள்ள வாயுவின் அடர்த்தியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் வருவது. கொத்தில் 1,000 கிலோமீற்றர் வேகம், சிறு குழுவில் 300 என்றால் வர்க்கத்தால் மட்டும் பதினொரு மடங்கு குறைவு. அங்கே வாயுவும் ஐதானது. சிறு குழுப் பேரடை சிவந்திருந்தால் புது வாயு வரத்து நின்று மெல்ல வற்றிப்போனதா என்று முதலில் பாருங்கள். அதற்கு நூறு கோடி ஆண்டுக் கணக்கில் எடுக்கும், வால் எதுவும் தெரியாது. அயலாரின் ஈர்ப்பு இழுத்திருந்தால் விண்மீன் தட்டும் கோணும். கன்னிக் கொத்தின் என்ஜிசி 4522இல் தட்டு பெரிதாகக் குலையவில்லை, வெளி விளிம்பு வாயு மட்டும் அறுந்திருக்கிறது; அது அமுக்கத்தின் வேலை. நிற அட்டவணையை மட்டும் வைத்துக்கொண்டு இவற்றைப் பிரிக்க முடியாது, படத்தைத் திறந்து பார்க்கத்தான் வேண்டும்.