எல்லாவற்றையும் 'ஹார்மோன் மாத்திரை' என்று ஒரே பெயரில் சொன்னால் வரும் வினை

வீட்டில் கல்யாணமோ குலதெய்வக் கோயில் கும்பிடோ வந்தால் யாராவது ஒரு பெண் மெடிக்கல் ஷாப்புக்குப் போவாள். கடைக்காரர் அட்டையைக் கத்தரிக்கோலால் நறுக்கி, சின்னக் காகிதப் பையில் போட்டுக் கொடுப்பார். மருந்தின் பெயர் அச்சான பக்கம் பல நேரம் கடையிலேயே நின்றுவிடும். வாங்கியவளுக்கு அது 'பீரியட்ஸ் தள்ளிப்போடுற மாத்திரை', அவ்வளவுதான்.

அதன் பெயர் நோரெதிஸ்டிரோன். 1951-இல் மெக்சிகோ நகரில் சின்டெக்ஸ் ஆய்வகத்தில் உருவான புரோஜெஸ்டின், அதாவது புரோஜெஸ்டிரோன் ஹார்மோனைப் போல வேலை செய்யும் செயற்கை மருந்து. உடம்பில் இயல்பாகச் சுரக்கும் புரோஜெஸ்டிரோனைப் போலவே கருப்பையின் உட்படலத்தைக் கலையவிடாமல் பிடித்து வைக்கும். வழக்கமான அளவு, 5 மி.கி. மாத்திரை நாளுக்கு மூன்று வேளை. தேதிக்கு மூன்று நாள் முன்பே தொடங்க வேண்டும். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் உதிரம் வரும்.

'நாலு நாளைக்குத்தானே' என்று இதை லேசாக எடுத்துக்கொள்வதுதான் எனக்குப் பெரிய கவலை. உள்ளே போன நோரெதிஸ்டிரோனில் ஒரு சிறு பங்கு எதினைல் எஸ்ட்ராடயோல் என்ற ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. நாளுக்கு 15 மி.கி. சாப்பிடும்போது அது சாதாரணக் கருத்தடை மாத்திரையில் உள்ள அளவை நெருங்கிவிடும். இந்த ஈஸ்ட்ரோஜன் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டும். அதனால் முன்பு காலிலோ நுரையீரலிலோ ரத்தம் உறைந்தவர்களும், கண்ணில் மின்னல் கோடு தெரிந்து ஒற்றைத் தலைவலி வருபவர்களும் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது. அக்காவுக்கு ஒத்துக்கொண்டது என்று மிச்ச மாத்திரையைத் தங்கைக்குக் கொடுப்பதும் வேண்டாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்புறம், கல்யாணப் பெண்ணுக்கு இதைக் கொடுத்துவிட்டு 'இப்போதைக்குக் கருவும் தங்காது' என்று நினைப்பவர்கள் உண்டு. தள்ளிப்போட எடுக்கும் இந்த முறையைக் கருத்தடையாக நம்ப முடியாது. நாள் தள்ளிப் போனதும் 'வரவைக்க' மாத்திரை போடுவது இன்னொரு தவறு. முதலில் கர்ப்பப் பரிசோதனை, பிறகுதான் மற்றதெல்லாம்.

கருத்தடைக்கென்றே உள்ள புரோஜெஸ்டின்களில் நேரம் முக்கியம். டெசோஜெஸ்ட்ரல் மாத்திரையை 12 மணி நேரத்துக்கு மேல் தாமதித்தால் பாதுகாப்பு தளர்ந்துவிடும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு கார்பமசெபின் அல்லது ஃபெனிடாயின் சாப்பிடுபவர்கள் அதைச் சொல்லாமல் விடுகிறார்கள்; இந்த மருந்துகள் கருத்தடை மாத்திரையின் வேகத்தைக் குறைத்துவிடும். அரசு மருத்துவமனைகளில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசி, மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன். அதைப் போட்டபின் உதிரம் தாறுமாறாக வரலாம், அடியோடு நின்றும் போகலாம். 'கெட்ட ரத்தம் உள்ளேயே தங்குகிறது' என்ற பயம் தேவையில்லை. உட்படலம் மெலிந்துவிடுவதால் வெளியேற ஒன்றும் இருப்பதில்லை. ஆனால் அடுத்த ஆண்டே குழந்தை வேண்டும் என்பவர்கள் முன்கூட்டியே யோசிக்க வேண்டும். ஊசியை நிறுத்தியபின் கருத்தரிக்கப் பல மாதங்கள் ஆகலாம்.

மாதவிலக்கு நின்றபின் எடுக்கும் ஹார்மோன் சிகிச்சையில் தவறு வேறு விதம். வயிறு உப்புகிறது, மனசு சரியில்லை என்று புரோஜெஸ்டினை மட்டும் நிறுத்திவிட்டு ஈஸ்ட்ரோஜனைத் தொடர்வார்கள். கருப்பை இருக்கும் பெண்ணுக்கு இது ஆபத்து. தனி ஈஸ்ட்ரோஜன் உட்படலத்தைத் தடிக்கவைத்து, காலப்போக்கில் புற்றுநோய் வரை கொண்டுபோகலாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் மாற்று இருக்கிறது: இரவில் எடுக்கும் இயற்கை வடிவப் புரோஜெஸ்டிரோன், அல்லது லெவோநோர்ஜெஸ்ட்ரல் என்ற புரோஜெஸ்டின் கசியும் கருப்பைச் சாதனம். டாக்டரிடம் கேளுங்கள்.

இந்தச் சிகிச்சை பற்றி 2002-இல் வந்த அமெரிக்க ஆய்வை நினைத்துப் பயந்து, சிகிச்சையே எடுக்காமல், வெந்நீர் ஊற்றியதுபோல் வரும் உடல் சூட்டையும் தூக்கமில்லாத இரவுகளையும் பல பெண்கள் சகித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஆய்வில் ஈஸ்ட்ரோஜனோடு மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் எடுத்தவர்களில், ஆண்டுக்கு 10,000 பேருக்கு 8 பேர் வீதம் மார்பகப் புற்றுநோய் கூடியது உண்மை. அதே ஆய்வில் கருப்பை நீக்கப்பட்டு, ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களிடம் அது கூடவில்லை. ஆக, எந்த மருந்து, எந்த வயதில், எவ்வளவு காலம் என்று பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். மாதவிலக்கு நின்று ஓராண்டுக்குப் பிறகு ஒரு சொட்டு உதிரம் பட்டாலும் 'மாத்திரைச் சூடு' என்று விட்டுவிடாதீர்கள். ஸ்கேனில் உட்படலத்தின் தடிமனைப் பார்க்கச் சொல்லுங்கள்.