நெட் நின்றால் கல்லாவும் நிற்கும்: அமெரிக்காவின் ஹிஸ்பானிக் கடைகளில் திரும்பத் திரும்ப நடக்கும் இணையத் தவறுகள்

அமெரிக்காவில் ஸ்பானிஷ் பேசும் குடும்பம் நடத்தும் ஒரு சின்ன டாக்கோ கடையையோ, கார்னிசெரியா என்கிற இறைச்சிக் கடையையோ எடுத்துக்கொள்ளுங்கள். கார்டு மெஷின், சமையலறையில் ஆர்டர் அடிக்கும் பிரிண்டர், நாலைந்து கேமரா, கேட்டரிங் ஆர்டர் வரும் வாட்ஸ்அப், ஊருக்குப் பணம் அனுப்பும் ரெமெசா கவுண்டர், அரசின் உணவு உதவிக்கான இபிடி அட்டை எல்லாம் ஒரே வயரை நம்பி ஓடுகின்றன. அது மக்கர் செய்தால் முதலாளி வாயில் வரும் முதல் பேச்சு, "ஸ்பீடு பத்தல, பெரிய பிளானுக்கு மாறணும்." இணைய கம்பெனியின் விற்பனையாளரும் அந்தப் பேச்சுக்காகத்தான் காத்திருக்கிறார். உண்மையில் டவுன்லோடு ஸ்பீடு குற்றவாளியாக இருப்பது அபூர்வம். அப்லோடு போதுமா, கணக்கு யார் பெயரில் இருக்கிறது, கடைக்குள் கடைசி இருபது அடி வயர் எப்படிப் போகிறது, அது அறுந்தால் வேறு வழி உண்டா: பெரும்பாலும் கோளாறு இந்த நான்கில் ஒன்றில் இருக்கும்.

டவுன்லோடு எண்ணைப் பார்த்து பிளான் வாங்குவது

ஒரு கார்டு பரிவர்த்தனைக்குச் சில கிலோபைட்டே போதும். அப்படியிருந்தும் மதிய நெரிசலில் மெஷின் சுற்றிக்கொண்டே நிற்கிறதென்றால் முதலில் கேமராக்களைப் பாருங்கள். 1080பி கேமரா ஒன்று கிளவுடில் தொடர்ந்து பதிவு செய்தால் 2 முதல் 4 எம்பிபிஎஸ் (நொடிக்கு மெகாபிட்) அப்லோடு தின்னும். நான்கு கேமராவுக்கு 8 முதல் 16. கேபிள் இணைப்பில் டவுன்லோடு 300 என்று விளம்பரத்தில் பெரிதாக இருக்கும். அப்லோடு பல இடங்களில் 10 அல்லது 20தான். அப்லோடு நிரம்பியதும் கார்டு மெஷினின் தகவல் வரிசையில் காத்துக்கிடக்கும், அதற்குள் மெஷின் பொறுமை இழந்து "டைம் அவுட்" என்று கைவிரித்துவிடும். முதலாளி 300-இலிருந்து 600-க்கு மாறுவார். அப்லோடு அதே 20-இல் நிற்கும், கோளாறும் அங்கேயே நிற்கும், பில் மட்டும் ஏறும்.

சோதிப்பது சுலபம். லேப்டாப்பை வைஃபையில் இல்லாமல் நேராக வயரில் மாட்டி, கடை மூடிய பின் ஒரு முறை, மதிய நெரிசலில் ஒரு முறை ஸ்பீடு டெஸ்ட் எடுங்கள். காலியான நேரத்தில் 20 மில்லிசெகண்டாக இருந்த பிங் (தகவல் போய்த் திரும்பும் நேரம்) நெரிசலில் 300-ஐத் தாண்டினால் அப்லோடு அடைபட்டிருக்கிறது. கேமராவைக் கடைக்குள்ளேயே உள்ள ரெக்கார்டருக்கு மாற்றலாம். முடியாவிட்டால் அசைவு தெரிந்தால் மட்டும் பதிவாகும்படி வைத்து, ஒவ்வொன்றின் பிட்ரேட்டையும் 1 எம்பிபிஎஸுக்கு இறக்கலாம். செலவே இல்லாத வேலை. எஃப்சிசி எனப்படும் மத்திய தகவல்தொடர்பு ஆணையம் 2024 மார்ச்சில் பிராட்பேண்டுக்கான குறைந்தபட்ச வரையறையை 25/3-இலிருந்து 100/20-க்கு உயர்த்தியது. அதில் இரண்டாவது எண்தான் அப்லோடு. பிளான் வாங்கும்போது கேட்டு எழுதி வாங்க வேண்டியதும் அதைத்தான்.

கடைக்குள்ளே, சுவருக்குப் பின்னால்

பழைய கடையை வாடகைக்கு எடுக்கும்போது பழைய குடித்தனக்காரரின் வயரும் சேர்ந்தே வரும். சலூனாக இருந்த இடம் பேக்கரி ஆகியிருக்கும். சலூனில் இரண்டு டிவிக்காக வைத்த கேபிள் ஸ்பிளிட்டர் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இன்னும் தொங்கும். இரண்டாகப் பிரிக்கும் ஸ்பிளிட்டர் ஒன்று சுமார் 3.5 டெசிபெல் சிக்னலை விழுங்கும். வரிசையாக இரண்டு இருந்தால் 7 போச்சு. அந்த இழப்பை ஈடுகட்ட மோடம் அதே அளவுக்கு உரக்கக் கத்த வேண்டியிருக்கும். இது ஊகம் இல்லை, கண்ணால் பார்க்கலாம். பெரும்பாலான கேபிள் மோடங்களில் பிரவுசரில் 192.168.100.1 என்று அடித்தால் சிக்னல் பக்கம் திறக்கும். வரும் சிக்னலின் பவர் மைனஸ் 7-க்கும் பிளஸ் 7-க்கும் இடையில் இருப்பது நல்லது, சிக்னல்-இரைச்சல் விகிதம் 33-க்கு மேல் இருக்க வேண்டும். போகும் சிக்னல் 50-ஐத் தாண்டினால் மோடம் தொண்டை கிழியக் கத்துகிறது என்று பொருள். வெயில் ஏறி வயர் சூடாகும் மதிய நேரத்தில் அது அடிக்கடி துண்டிக்கும். தேவையில்லாத ஸ்பிளிட்டரைக் கழற்றி, துருப்பிடித்த முனையை மாற்றி, வெளியிலிருந்து வரும் வயரை நேராக மோடத்தில் மாட்டினால் பாதிப் புகார்கள் அன்றோடு தீரும். வேலைக்கு முன்னும் பின்னும் அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்து வையுங்கள். கம்பெனியோடு பேசும்போது கைகொடுக்கும்.

ரவுட்டரை எங்கே வைப்பது என்பதில் எல்லோரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்: கண்ணில் படாத இடம். அது இறைச்சிக் கடையில் குளிர் அறைக்குப் பின்புறம், டாக்கோ கடையில் மைக்ரோவேவுக்கு மேல் அலமாரி. குளிர் அறையின் உலோகச் சுவர் வைஃபையைத் தாண்ட விடாது. மைக்ரோவேவ் ஓடுவதே வைஃபையும் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை ஒட்டித்தான். பீன்ஸைச் சூடாக்கும் ஒவ்வொரு முறையும் டேப்லெட் தத்தளிக்கும். எண்ணெய்ப் புகை ரவுட்டரின் காற்றோட்டத் துளைகளில் படிந்து அதைச் சூடேற்றும். கார்டு மெஷினுக்கும் கிச்சன் பிரிண்டருக்கும் வைஃபையே வேண்டாம். கேட் 6 என்ற நெட்வொர்க் வயர் ஒரு ஓட்டம் 100 மீட்டர் வரை தாங்கும். சின்னக் கடையில் 15 மீட்டர்கூடத் தேவைப்படாது.

வாடிக்கையாளருக்கு வைஃபை கொடுப்பது நல்ல பழக்கம்தான். கல்லா ஓடும் அதே வைஃபையைக் கொடுத்து, பாஸ்வேர்டைச் சுவரில் ஒட்டுவதுதான் கெட்ட பழக்கம். கார்டு வாங்கும் கடைகளுக்கான பிசிஐ பாதுகாப்பு விதிகளோடு அது ஒத்துவராது. ரவுட்டரில் "கெஸ்ட் நெட்வொர்க்" என்று தனியாக இருக்கும், அதைத் திறந்துவிடுங்கள். ரவுட்டரோடு வந்த அட்மின் பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றுங்கள்.

அக்கா மகன் பெயரில் கணக்கு

வேகத்தைவிட, வயரைவிட, அதிகம் அடி வாங்க வைப்பது இதுதான். கடை அம்மாவுடையது. இணையக் கணக்கு இங்கிலீஷ் பேசும் அக்கா மகன் பெயரில். வெப்சைட்டின் முகவரியான டொமைன் பெயர், அதைச் செய்து கொடுத்தவர் பெயரில். வாட்ஸ்அப் பிசினஸ் எண் வேலையை விட்டுப்போன பெண்ணின் போனில். கூகுள் மேப்பில் வரும் கடைப் பக்கத்தின் முதன்மை உரிமையாளர் ஏதோ ஒரு விளம்பர ஏஜென்சி. எல்லோரும் நல்லவர்களாக இருக்கும் வரை இது ஓடும். ஒரு நாள் நெட் நின்று, அம்மாவே சப்போர்ட்டுக்குப் போன் போட்டு, ஸ்பானிஷுக்கு 2-ஐ அழுத்தி, அரைமணி நேரம் காத்திருந்து ஆளைப் பிடித்தால், "நீங்கள் கணக்குக்கு உரியவர் இல்லை, பேச முடியாது" என்பார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

இப்படி ஆவதற்குச் சோம்பல் மட்டுமே காரணம் இல்லை. அமெரிக்க அரசு தரும் சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாமல் ஐடின் எனப்படும் வரி எண்ணோடு தொழில் செய்பவர்கள் பலர். கம்பெனி கடன் வரலாறு பார்க்க சோஷியல் எண் கேட்டதும், உறவினர் பெயரில் எழுதிவிடுகிறார்கள். வழி உண்டு. ஐஆர்எஸ் வரித்துறையிடம் ஈஐஎன் என்ற தொழில் அடையாள எண் வாங்கி, அதில் பிசினஸ் கணக்கு திறக்கலாம். ஐடின் உள்ளவருக்கும் கிடைக்கும். எண்ணே இல்லாதவர்கூட எஸ்எஸ்-4 படிவத்தைப் பூர்த்தி செய்து ஃபேக்ஸிலோ தபாலிலோ அனுப்பலாம். ஈஐஎன் இலவசம், அதற்குக் காசு கேட்கும் தளங்கள் எல்லாம் இடைத்தரகர்கள். சில கம்பெனிகள் முன்பணம் கேட்கும். கொடுத்துவிட்டுக் கணக்கைக் கடை பெயரிலேயே வைத்துக்கொள்வது மேல்.

அக்கா மகனை ஒதுக்க வேண்டியதில்லை. அவரைக் கணக்கில் "அங்கீகரிக்கப்பட்டவர்" என்று சேர்த்து, பின் எண்ணைக் கொடுத்தால் போதும். வாட்ஸ்அப் எண் கடைக்கென்று வாங்கிய சிம்மில் இருக்க வேண்டும், ஆறு இலக்க இரட்டைச் சரிபார்ப்பு எண் முதலாளியிடம் இருக்க வேண்டும். டாட் காம் பெயரின் கெடுவை நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். புதுப்பிக்க விட்டுப்போய்ப் பெயர் நீக்கப்பட்டால் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, அதற்குத் தனிக் கட்டணம். அதையும் தவறவிட்டால் பெயர் யாருக்கும் போகலாம்.

ஸ்பானிஷில் பேசி, இங்கிலீஷில் கையெழுத்து

விற்க வருபவர் அழகாக ஸ்பானிஷ் பேசுவார். நீட்டும் தாள் இங்கிலீஷில் இருக்கும். பிசினஸ் ஒப்பந்தம் பெரும்பாலும் 24 அல்லது 36 மாதம். இடையில் விலகினால் மீதி மாதங்களின் கட்டணத்தில் பெரும்பகுதியைக் கட்டச் சொல்லும் வரி உள்ளே இருக்கும். கெடு முடிவதற்கு 30 அல்லது 60 நாள் முன்னால் எழுதிக் கொடுக்காவிட்டால் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வரியும் இருக்கும். கலிஃபோர்னியாவில் ஸ்பானிஷில் பேரம் பேசினால் ஒப்பந்தத்தை ஸ்பானிஷில் தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, சிவில் கோடு 1632. ஆனால் அது பெரும்பாலும் வீட்டு உபயோக ஒப்பந்தங்களுக்கானது. கடை ஒப்பந்தத்துக்கு அதை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம்.

நம்ப வேண்டியது லேபிளை. உணவுப் பொட்டலத்தில் சத்துப் பட்டியல் போடுவது மாதிரி, இணையப் பிளானுக்கும் ஒரு லேபிள் காட்ட வேண்டும் என்ற எஃப்சிசி விதி 2024 ஏப்ரலில் பெரிய கம்பெனிகளுக்கும், அதே அக்டோபரில் சின்னவற்றுக்கும் நடைமுறைக்கு வந்தது. மாதக் கட்டணம், சலுகை விலை எத்தனை மாதம், ஒருமுறைக் கட்டணங்கள், விலகல் அபராதம், வழக்கமான டவுன்லோடு, அப்லோடு, தாமதம் எல்லாம் அதில் இருக்கும். எந்த மொழியில் விளம்பரம் செய்கிறார்களோ அந்த மொழியிலும் காட்ட வேண்டும் என்று அந்த விதியில் எழுதப்பட்டது. ஆகவே ஸ்பானிஷ் விளம்பரம் போட்டவரிடம் ஸ்பானிஷ் லேபிளைக் கேளுங்கள். எல்லோருக்கும் பொதுவாக விற்கும் பிளான்களுக்கு, சின்னக் கடைகளுக்கானவை உட்பட, இது வரும். பேசி முடிக்கும் தனி ஒப்பந்தங்களுக்கு வராது.

கடையை வாடகைக்கு எடுக்கும் முன்பே அந்த முகவரிக்கு எந்தக் கம்பெனி வயர் வருகிறது என்று எஃப்சிசியின் தேசிய பிராட்பேண்ட் வரைபடத்தில் பாருங்கள். வரைபடம் தவறென்றால் அதிலேயே ஆட்சேபம் பதியலாம். வாடகை ஒப்பந்தம் போட்ட பிறகு கம்பெனி வந்து, "தெருவிலிருந்து குழி தோண்ட வேண்டும், செலவு உங்களுடையது" என்றால் பேரம் பேச இடமே இல்லை.

இரண்டு சிம், ஒரே டவர்

மாற்று வழி வைத்திருக்கிறேன் என்று நினைத்து ஏமாறுபவர்கள் அதிகம். ஏடி அண்ட் டி கம்பெனியின் போனும், அவசரத்துக்கு கிரிக்கெட் என்ற மலிவு விலைப் பிராண்டின் சிம்மும் இருக்கும். கிரிக்கெட் ஓடுவதே ஏடி அண்ட் டி நெட்வொர்க்கில். மெட்ரோ என்ற இன்னொரு பிராண்டு ஓடுவது டி-மொபைலில். பெயர்தான் இரண்டு, டவர் ஒன்று. படுத்தால் இரண்டும் சேர்ந்தே படுக்கும். அதிலும் மலிவு விலைப் பிராண்டுகளுக்கு நெரிசல் நேரத்தில் முன்னுரிமை குறைவு. திருவிழா மைதானத்தில் நிற்கும் டாக்கோ வண்டிக்கு இது நேரடி நஷ்டம்: ஆயிரக்கணக்கான போன்கள் ஒரே டவரைப் பிடித்துத் தொங்கும்போது முதலில் திணறுவது அந்தக் கார்டு ரீடர். உங்கள் முதல் இணைப்பு எதுவோ, அதற்குச் சம்பந்தமில்லாத நெட்வொர்க்கில் இரண்டாவதை வாங்குங்கள்.

கடையில் வயர் அறுந்தால் தானாக சிம்முக்கு மாறும் ரவுட்டர் வைத்திருந்தால், அதில் கார்டு மெஷினையும் பிரிண்டரையும் மட்டும் அனுமதியுங்கள். கேமராக்களைத் தடுக்க மறந்தால், 12 எம்பிபிஎஸ் கணக்கில் மணிக்கு 5 ஜிபிக்கு மேல் கரைந்து, சிம் பிளான் ஒரே மதியத்தில் தீரும். மாதம் ஒருமுறை நீங்களே வயரைப் பிடுங்கிப் பாருங்கள். மோடம், ரவுட்டர் இரண்டும் சேர்ந்து 25, 30 வாட்தான். ஒரு 600 விஏ யுபிஎஸ் சுமார் ஒரு மணி நேரம் தாங்கும். ஃபைபர் என்றால், அதன் ஒளி சிக்னலை மாற்றித் தரும், சுவரில் இருக்கும் ஓஎன்டி பெட்டியையும் அதே யுபிஎஸ்ஸில் மாட்ட வேண்டும். பலர் அதை மறந்துவிட்டு, மின்சாரம் போனதும் ரவுட்டரில் விளக்கு எரிகிறதே, நெட் ஏன் இல்லை என்று திகைப்பார்கள்.

ஆஃப்லைனில் கார்டு வாங்கும் வசதி பல கல்லா ஆப்களில் உண்டு. அப்படி வாங்கிய கார்டு பிறகு செல்லாமல் போனால் நஷ்டம் கடைக்கு. தொகைக்கு வரம்பு வையுங்கள். இபிடி அட்டையின் கதை வேறு: பின் எண் அந்த நேரத்திலேயே சரிபார்க்கப்பட வேண்டும். நெட் இல்லாதபோது, காகித வவுச்சருக்கு அனுமதி இருந்தால் மட்டும், அதில் எழுதி, தொலைபேசியில் அனுமதி எண் வாங்கலாம். வவுச்சர் புத்தகம், அந்தத் தொலைபேசி எண் இரண்டும் கல்லாவுக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும்.

இல்லாத உதவிக்குக் காத்திருப்பது

இணையக் கட்டணத்துக்கு மாதம் 30 டாலர் தந்த ஏசிபி என்ற அரசு உதவித் திட்டம் 2024 பிப்ரவரியில் புதிய விண்ணப்பங்களை நிறுத்தி, ஜூன் 1-இல் முடிந்தது. அதுவும் வீடுகளுக்கானது, கடைகளுக்கு அல்ல. மாதம் 9.25 டாலர் தரும் லைஃப்லைன் என்ற உதவியும் குடும்பங்களுக்கே. 4,245 கோடி டாலரின் பீட் திட்டம் வயர் போடும் கம்பெனிகளுக்கு மாநிலங்கள் வழியாகப் போகும் பணம். "உங்கள் கடைக்கு பீட் மானியம் வாங்கித் தருகிறேன், 300 டாலர் கட்டுங்கள்" என்று ஸ்பானிஷில் போன் வந்தால் அது மோசடி.

கைக்கு எட்டும் உதவி வேறு வகை. எஸ்பிஏ எனப்படும் மத்திய சிறு தொழில் நிர்வாகத்தின் சிறு தொழில் மேம்பாட்டு மையங்களிலும், ஸ்கோர் என்ற தன்னார்வ ஆலோசகர் அமைப்பிலும் ஆலோசனை இலவசம். பல ஊர்களில் ஸ்பானிஷ் பேசுபவர்கள் இருப்பார்கள். ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன் அங்கே கொண்டுபோய்க் காட்டலாம். உள்ளூர் ஹிஸ்பானிக் வர்த்தக சபையில், எந்தத் தெருவில் எந்த கம்பெனி ஒழுங்காக ஓடுகிறது என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும். டெக்சஸின் ஃபார் போன்ற எல்லையோர ஊர்களில் நகராட்சியே ஃபைபர் வலை போட்டிருக்கிறது. உங்கள் ஊரில் அப்படி உண்டா என்று நகர அலுவலகத்தில் கேளுங்கள்.

கம்பெனி கை விரித்தால் எஃப்சிசியில் புகார் பதியலாம். கட்டணம் கிடையாது, கம்பெனி 30 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். "நெட் சரியில்லை" என்று மட்டும் எழுதினால் "எங்கள் பக்கம் சரியாக இருக்கிறது" என்று பதில் வரும். தேதி, நேரம், ஒவ்வொரு அழைப்பின் டிக்கெட் எண், வயரில் மாட்டி எடுத்த மூன்று நாள் ஸ்பீடு டெஸ்ட், அந்த 192.168.100.1 பக்கத்தின் படம், லேபிளில் வாக்களித்த வேகம், என்ன வேண்டும் (பில்லில் கழிவா, அபராதமில்லாத விலகலா) என்பதை எழுதுங்கள். கணக்கு கடை பெயரிலோ, புகார் எழுதுபவர் பெயரிலோ இருந்தால்தான் பதில் அவருக்கு வரும்.