ஃபில் இன் தொல்லைக்கு ஒரு பெடல்

ஞாயிறு ஆராதனைக்கு அரேஞ்சர் கீபோர்டு (தாளமும் பக்கவாத்தியமும் தானே வாசிக்கும் கீபோர்டு) வாசிக்கிறேன். சரணத்துக்கு மெயின் ஏ, பல்லவிக்கு மெயின் பி; இரண்டும் ஒரே தாளத்தின் வேரியேஷன்கள். பட்டனை மாற்றும்போதெல்லாம் ஃபில் இன் என்கிற ஒரு டிரம் உருட்டல் குறுக்கே வந்து விழும். பாடுகிறவர் கடைசிச் சொல்லை மெதுவாக இழுத்துக்கொண்டிருப்பார்; இங்கே டாம் டிரம்கள் தடதடவென்று ஓடும். அவர் திரும்பிப் பார்ப்பார். நான் குனிந்துகொள்வேன்.

கீபோர்டில் இருக்கிற தாள அமைப்பை, அதாவது ஸ்டைலைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் ஆட்டோ ஃபில் இன் பட்டனில் விளக்கு எரிவதைப் பார்த்தேன். அதை அணைத்ததும் மெயின் பி சத்தமில்லாமல் அடுத்த பாரில் (தாளச் சுற்றில்) மாறியது.

ஆனால் ஃபில்லே இல்லையென்றால் தாளம் சப்பென்று இருக்கிறது. அதனால் இரண்டாவது பெடலுக்கு ‘ஃபில் செல்ஃப்’ வேலையைக் கொடுத்தேன். மிதித்தால் ஃபில் வரும், அப்புறம் அதே வேரியேஷனுக்குத் திரும்பிவிடும். நாலு அடி பாரில் மூன்றாம் அடியில் மிதித்தால் அரை பார்தான் ஓடும். எனக்குப் பிடித்தது அதுதான். நாலாம் அடியும் பாதி தாண்டிவிட்டால் ஃபில் அடுத்த பாருக்குத் தள்ளிப்போய், புது வரியின் மேல் ஏறி உட்காரும். இரண்டு வாரம் மெட்ரோனோம் வைத்துக் காலைப் பழக்கினேன்.

இந்த அமைப்பை ரெஜிஸ்ட்ரேஷன் என்கிற கீபோர்டு நினைவகத்தில் சேமிக்க மறந்து, மறு ஞாயிறு மறுபடி தடதட. அது வேறு கதை.