லேடெக்ஸ் மெத்தை வாங்குவது எப்படி: முதலில் ஜிப்பைத் திறங்கள்

லேடெக்ஸ் மெத்தை வாங்கக் கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த பிராண்டு நல்லது?" என்றுதான். அதை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். ஒரே பிராண்டில் முழு லேடெக்ஸ் மெத்தையும் இருக்கும், மேலே ஒரு இன்ச் லேடெக்ஸை ஒட்டிவிட்டு அதே பெயரில் விற்கும் மெத்தையும் இருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது: உள்ளே மேலிருந்து கீழ்வரை என்னென்ன அடுக்கு, ஒவ்வொன்றும் எத்தனை இன்ச்? இதற்கு எழுத்தில் பதில் தராதவரிடம் பேச்சை வளர்ப்பதில் பயனில்லை.

கட்டிலை அளப்பது போன்ற விஷயங்களைத் தாண்டிவிடுகிறேன். நேராக மெத்தைக்குள் போவோம்.

படி 1: எந்த லேடெக்ஸ்?

ரப்பர் மரத்துப் பாலிலிருந்து வருவது இயற்கை லேடெக்ஸ். பெட்ரோலிய வேதிப்பொருட்களிலிருந்து வருவது செயற்கை லேடெக்ஸ். விவரத் தாளில் எஸ்பிஆர் என்று போட்டிருக்கும். இரண்டையும் கலந்தும் செய்வார்கள். செயற்கை என்றாலே மோசம் என்று சொல்ல மாட்டேன். இயற்கை ரப்பரின் துள்ளலும் உழைப்பும் அதில் குறைவு, அவ்வளவுதான். இயற்கையின் விலையைக் கொடுத்துவிட்டுக் கலப்பை வீட்டுக்குக் கொண்டுவராமல் இருந்தால் போதும்.

"100% லேடெக்ஸ்" என்பதற்கும் "100% இயற்கை லேடெக்ஸ்" என்பதற்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள். முதலாவதில் செயற்கை எவ்வளவு கலந்திருந்தாலும் அந்த வாக்கியம் பொய்யாகாது. வெறும் "நேச்சுரல் லேடெக்ஸ்" என்று எழுதி, சதவீதத்தைச் சொல்லாமல் விட்டிருந்தாலும் கேளுங்கள். முழுக்க இயற்கை என்றாலும், பாலை ரப்பராக்கக் கந்தகம், துத்தநாக ஆக்சைடு போன்றவற்றைக் கொஞ்சம் சேர்த்தே ஆக வேண்டும். அது ஏமாற்று வேலை கிடையாது.

சான்றிதழ்களில் ஜிஓஎல்எஸ், ஓகோ-டெக்ஸ் ஸ்டாண்டர்டு 100 என்ற இரண்டு பெயர்கள் அடிக்கடி கண்ணில் படும். ஜிஓஎல்எஸ் என்றால் மூலப்பொருளில் 95 சதவீதத்துக்குக் குறையாமல் சான்று பெற்ற இயற்கை விவசாய ரப்பர் இருக்க வேண்டும். ஓகோ-டெக்ஸ் சொல்வது வேறு: தீங்கான வேதிப்பொருட்கள் வரம்புக்குள் இருக்கின்றன என்று மட்டும். செயற்கை லேடெக்ஸுக்கும் அது கிடைக்கும். அதைக் காட்டி "பாருங்கள், இயற்கை" என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போங்கள். சான்றிதழ் எண்ணை வாங்கி, அந்த அமைப்பின் தளத்தில் போட்டுப் பாருங்கள். அது யார் பெயரில் இருக்கிறது, காலாவதி ஆகிவிட்டதா என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

படி 2: டன்லப்பா, தலாலேயா?

இவை தயாரிப்பு முறைகள். டன்லப் முறை 1929-ல் இங்கிலாந்தின் டன்லப் ரப்பர் நிறுவனத்தில் பிறந்தது. ரப்பர் பாலை நுரைக்க அடித்து, அச்சில் ஊற்றி, நீராவியில் வேகவைப்பார்கள். தலாலே முறையில் அச்சைப் பாதி நிரப்பி மூடி, காற்றை உறிஞ்சி நுரையை உப்பவைத்து, உறையவைத்து, கரியமில வாயுவைச் செலுத்தி, அதற்கப்புறம்தான் சூடாக்குவார்கள். வேலை அதிகம், விலையும் அதிகம். கையில் அழுத்தினால் தலாலே இலகுவாகவும் காற்றோட்டமாகவும் தெரியும். டன்லப் திண்ணென்று தாங்கும்.

என் விருப்பத்தைக் கேட்டால், அடித்தளத்துக்கு டன்லப்தான். மேல் அடுக்குக்குப் பணம் இருந்தால் தலாலே, இல்லாவிட்டால் மென்மையான டன்லப். முழு மெத்தையையும் தலாலேயில் எடுப்பதற்கு எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

படி 3: அடர்த்தி வேறு, கெட்டித்தன்மை வேறு

எனக்கு அதிக நேரம் பிடித்தது இந்தப் படிதான். விற்பவர்களே இரண்டையும் மாற்றி மாற்றிப் பேசுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

அடர்த்தி என்பது ஒரு கன மீட்டர் நுரையில் எத்தனை கிலோ பொருள் இருக்கிறது என்ற கணக்கு. டன்லப் லேடெக்ஸ் பெரும்பாலும் 65 முதல் 95 கிலோவுக்குள் வரும். கெட்டித்தன்மை என்பது அழுத்தினால் எவ்வளவு எதிர்த்து நிற்கிறது என்பது. அதற்கு ஐஎல்டி என்று ஓர் அளவு உண்டு. சுமார் 8 இன்ச் விட்டமுள்ள வட்டத் தகட்டால் நுரையை அதன் தடிமனில் 25 சதவீதம் உள்ளே அழுத்த எத்தனை பவுண்டு விசை தேவை என்பதே அந்த எண். தோராயமாக 20-க்குக் கீழே மென்மை, 20 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கெட்டி என்று வைத்துக்கொள்ளலாம்.

குழப்பம் எங்கே வருகிறது? ஒரே தொழிற்சாலையில், ஒரே முறையில் செய்யும்போது அடர்த்தி ஏற ஏறக் கெட்டித்தன்மையும் ஏறும். அதனால் "65 என்றால் சாஃப்ட், 80 மீடியம், 95 ஹார்டு" என்று சொல்லிப் பழகிவிட்டார்கள். அந்தத் தொழிற்சாலைக்கு உள்ளே அது சரி. அதைத் தூக்கிக்கொண்டுபோய் வேறு நிறுவனத்தின் மெத்தையோடு ஒப்பிட்டால் கதை கந்தலாகிவிடும். நுரைக்குள் அச்சுக் கம்பிகள் விட்டுச்சென்ற ஊசித் துளைகள் எவ்வளவு பெரியவை, எவ்வளவு நெருக்கம், எவ்வளவு நேரம் வெந்தது, நிரப்புப் பொடி கலந்ததா என்று எல்லாமே கெட்டித்தன்மையை மாற்றும். சாதாரண மெத்தைகளில் வரும் பாலியூரித்தேன் ஃபோமோடு ஒப்பிடவே முடியாது. 40 கிலோ அடர்த்தியுள்ள பாலியூரித்தேன், 80 கிலோ லேடெக்ஸைவிடக் கெட்டியாக இருக்கலாம்.

இன்னொரு தந்திரமும் உண்டு. சுண்ணாம்புப் பொடி, களிமண் பொடி போன்றவற்றைக் கலந்தால் அடர்த்தி எண் அழகாக ஏறும், உள்ளே ரப்பர் குறையும். இப்படிப்பட்ட நுரை நாளடைவில் துவண்டு, உதிர ஆரம்பிக்கும். ஆக, அடர்த்தி எண் பெரிதாக இருப்பதை மட்டும் வைத்து "நல்ல சரக்கு" என்று முடிவு கட்டாதீர்கள். அடர்த்தியையும் ஐஎல்டியையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஐஎல்டி தெரியாது என்றால், படுத்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டியதுதான்.

பின்சேர்க்கை: ஐஎல்டி 120, 150 என்றெல்லாம் போட்டிருக்கிறதே, அது கல்லா என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். கல் இல்லை, பவுண்டுக்குப் பதிலாக நியூட்டன் என்ற அலகில் சொன்ன எண். ஒரு பவுண்டு விசை சுமார் 4.45 நியூட்டன். ஆனால் வெறுமனே வகுத்துவிடாதீர்கள். நியூட்டனில் தருவோரில் சிலர் 25 சதவீதத்துக்குப் பதிலாக 40 சதவீதம் அழுத்தி அளக்கிறார்கள், எண் தானாகவே கூடிவிடும். எத்தனை சதவீத அழுத்தம் என்று கேட்டுவிட்டு ஒப்பிடுங்கள்.

படி 4: ஜிப்பைத் திறங்கள்

உறையில் சுற்றிலும் ஜிப் இல்லாத லேடெக்ஸ் மெத்தையை நான் வாங்க மாட்டேன். தைத்து மூடிவிட்டால் உள்ளே இருப்பது விற்றவருக்கும் ஆண்டவனுக்கும்தான் வெளிச்சம்.

மாதிரித் துண்டைப் பார்த்து ஏமாறாமல், நீங்கள் வாங்கப்போகும் மெத்தையையே திறக்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் பாருங்கள். லேடெக்ஸில் பொதுவாக ஊசித் துளைகள் ஒழுங்கான வரிசையில் இருக்கும். அச்சுக்குள் வெப்பம் நடுவரை போய்ச் சேர வைக்கும் கம்பிகளின் தடம் அது. கட்டை விரலால் ஆழமாக அழுத்தி எடுங்கள். எடுத்த கணமே குழி மறைய வேண்டும். மெதுவாக எழும்பினால் அது மெமரி ஃபோம். பக்கத்தை உள்ளங்கையால் நன்றாகத் தேயுங்கள். கையில் மாவு போல ஒட்டினால் வேண்டாம், அடுத்ததைப் பாருங்கள். ரப்பர் வாசனை இருக்கும், இருக்கத்தான் வேண்டும். நல்ல காற்றோட்டத்தில் வைத்தால் குறைந்துவிடும். நிறத்தை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள். இயற்கை லேடெக்ஸ் வெளிர் மஞ்சளாக இருப்பது வழக்கம் என்றாலும், நிறத்தைச் சேர்ப்பது பெரிய வித்தை இல்லை.

அப்புறம், எடைக் கணக்கு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி, சொன்ன அடர்த்தியால் பெருக்குங்கள். 78 × 60 இன்ச், 6 இன்ச் உயரம் என்றால் 1.98 × 1.52 × 0.15, சுமார் 0.45 கன மீட்டர். 80 கிலோ அடர்த்தி என்றால் 36 கிலோ வர வேண்டும், உறை தனி. ஒரே ஆள் அலட்சியமாகத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு போனால் அது லேடெக்ஸாக இருக்க வாய்ப்பே இல்லை.

இங்கே ஒரு திருத்தம் சேர்க்கிறேன். எடை சரியாக இருந்தும் உள்ளே ரீபாண்டட் ஃபோம் இருந்தது என்று ஒருவர் சொன்னார். நியாயம்தான். துண்டு துண்டான ஃபோம்களை அழுத்தி ஒட்டிச் செய்யும் ரீபாண்டட், லேடெக்ஸ் அளவுக்கோ அதற்கு மேலோ கனக்கும். எடைக் கணக்கு சாதாரண ஃபோமைக் காட்டிக்கொடுக்கும், ரீபாண்டடைக் காட்டாது. ஆனால் கண்ணுக்கு அது தப்பாது: பல நிறச் சில்லுகள் ஒட்டிய மாதிரி இருக்கும். எனவே ஜிப்பை ஒரு மூலையில் மட்டும் திறக்காமல் ஒரு பக்கம் முழுக்கத் திறந்து, அடி அடுக்கு வரை பாருங்கள்.

படி 5: படுத்துப் பாருங்கள், உட்கார்ந்து அல்ல

மெத்தை ஓரத்தில் உட்கார்ந்து இரண்டு குதி குதித்துவிட்டு "நல்லா இருக்கு" என்பது எதற்கும் உதவாது. கால் மணி நேரமாவது படுங்கள், நீங்கள் தூங்கும் அதே கோலத்தில்.

மல்லாந்து படுப்பவரா? இடுப்புக்கு மேலே, முதுகு வளையும் இடத்தில் கையை நுழையுங்கள். கை தடையில்லாமல் உள்ளே போய் வந்தால் மெத்தை உங்களுக்குக் கெட்டி. நுழையவே இடமில்லாமல் இடுப்பு இறங்கிக் கிடந்தால் மென்மை அதிகம். கொஞ்சம் உரசிக்கொண்டு போனால் சரி.

ஒருக்களித்துப் படுப்பவரா? உடன் வந்தவரைப் பின்னாலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். பிடரியிலிருந்து வால் எலும்பு வரை நேர்கோடாக இருக்க வேண்டும். தோள் உள்ளே இறங்க இடமில்லாவிட்டால் கை மரத்துப்போகும். இவர்களுக்கு 6 இன்ச் கெட்டி அல்லது நடுத்தர அடித்தளத்தின் மேல் 2 அல்லது 3 இன்ச் மென்மையான அடுக்கு நன்றாகப் பொருந்தும். குப்புறப் படுப்பவருக்கு அந்த மேலடுக்கு வேண்டாம், வயிறு தொய்ந்து முதுகு வலிக்கும். உடல் எடை கூடக் கூட ஒரு படி கெட்டியாகப் போங்கள்.

அடுக்குகளை ஒட்டாமல், ஜிப் உறைக்குள் தனித்தனியாக வைத்த மெத்தை கிடைத்தால் அதையே எடுங்கள். நாளைக்கு மேலடுக்கு மட்டும் தளர்ந்தால் அதை மட்டும் மாற்றலாம். முதுகுக்கு நல்லது என்று காட்ட ஒட்டும் "ஆர்த்தோ" என்ற சொல்லுக்கும், உறைக்குள் தடிமனாகச் சாதாரண ஃபோம் வைத்துத் தைத்த சொகுசு மேற்பரப்புக்கும் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். பள்ளம் முதலில் விழுவது அந்த ஃபோமில்தான். பழி லேடெக்ஸ் மேல் போகும்.

ரப்பர் ஒவ்வாமை ஏற்கெனவே உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் வாங்க வேண்டாம். வேகவைத்துக் கழுவும்போது ஒவ்வாமை தரும் புரதங்கள் குறையும் என்றாலும் முழுதாகப் போய்விடும் என்று நம்பி இறங்க முடியாது. எஸ்பிஆரில் அந்தப் புரதங்கள் இல்லை.

படி 6: வீட்டுக்கு வந்த பிறகு

தூக்குவதுதான் பெரிய பாடு. தூங்கிவிட்ட பிள்ளையைத் தூக்குவது போல, எங்கே பிடித்தாலும் இன்னொரு பக்கம் வழுக்கித் தொங்கும். இரண்டு பேர் வேண்டும். ஓரத்தை விரலால் பிடித்து இழுக்காதீர்கள், லேடெக்ஸ் சுலபமாகக் கிழியும். அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள், அல்லது அடுக்கடுக்காகப் பிரித்துக் கொண்டுபோங்கள்.

கட்டிலில் சட்டங்களுக்கு இடையே 3 இன்ச்சுக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது, 2 இன்ச் இன்னும் நல்லது. இல்லாவிட்டால் லேடெக்ஸ் சந்துகளில் இறங்கும். மூடிய பிளைவுட் என்றால் அடியில் ஈரம் தங்கிப் பூஞ்சை வரும். துளை போடுங்கள், முடியாவிட்டால் அவ்வப்போது மெத்தையை நிமிர்த்தி வைத்துக் காற்றாட விடுங்கள். நேரடியாகத் தரையில் போடுவதற்கும் இதே எச்சரிக்கைதான்.

வெயிலில் மட்டும் காயப்போடாதீர்கள். பஞ்சு மெத்தைக்கு நல்லது செய்யும் வெயில் லேடெக்ஸுக்கு எமன். புற ஊதாக் கதிர் பட்டால் மேற்பரப்பு மஞ்சளாகி, இறுகி, பொருபொருவென்று உதிரும். உறையைக் கழற்றித் துவைக்கும் நேரத்தில்கூட ஜன்னல் வெயில் படாமல் மேலே ஒரு விரிப்பைப் போட்டு வையுங்கள். ஈரம் பட்டால் நிழலில், மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள்.

கடைசியாகச் சேர்ப்பது: மெத்தை மாறியதும் கழுத்து வலிக்கிறது என்று பலர் எழுதியிருந்தார்கள். மெத்தையைத் திருப்பி அனுப்பும் முன் தலையணையைப் பாருங்கள். மென்மையான மேலடுக்கில் தோள் முன்பைவிட ஆழமாக இறங்குவதால், பழைய தலையணை இப்போது உயரமாகிவிடும். மெல்லிய தலையணை ஒன்றை வைத்துச் சில இரவுகள் படுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் வலித்தால், திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் பேசுங்கள். அதுவரை உறையின் லேபிளை வெட்ட வேண்டாம்.