பாயும் குதிரைமேல் வீரன்: சுதைச் சிலை கட்டும் முறை

வேலூர்ப் பக்கம் ஊர் எல்லையில் குதிரைவீரன் சிலை கட்டப்போகிறவர்கள், முதலில் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். அங்கே பாயும் குதிரையும் தூணும் ஒரே கல். தூக்கிய முன்னங்கால்களுக்கு அடியில் ஆளையோ விலங்கையோ செதுக்கி முட்டுக் கொடுத்திருப்பார்கள். அந்த முட்டு இல்லாமல் நிற்பது மாட்ரிட் நகரத்தில் இருக்கும் ஸ்பெயின் மன்னர் நான்காம் பிலிப்பின் வெண்கலச் சிலை. அவர் ஆட்சியில் இருக்கும்போதே, 1640இல், பியத்ரோ டாக்கா என்ற சிற்பி அதை முடித்தார். பின்பாதி கனம், முன்பாதி உள்ளே வெற்றுக்கூடு, வாலும் தாங்குகிறது. கம்பிக்கூட்டின் மேல் சிமெண்ட் கலவை பூசிச் செய்யும் சுதைச் சிலைக்கும் அதே கணக்குதான்.

குதிரை 6 அடி, வீரனோடு 9 அடி என்று வைத்துக்கொள்வோம். கெட்டித்தரை வரும்வரை, குறைந்தது 3 அடி தோண்டி, 7க்கு 4 அடியில் 12 மி.மீ. கம்பியை 6 அங்குல இடைவெளியில் பாய்போல் பின்னுங்கள். பின்னங்கால் ஒவ்வொன்றுக்கும் 16 மி.மீ. கம்பி நான்கு, வாலுக்கு இரண்டு. இவை அடித்தளத்திலிருந்து முதுகு வரை ஒரே கம்பியாகப் போக வேண்டும். கணுக்காலில் கம்பியை ஒட்டுப்போட்டால் விரிசல் அங்கேதான் விழும். பின்னங்கால் குளம்புகளை வயிற்றுக்கு அடியில் நன்றாக முன்தள்ளி வையுங்கள். கம்பிக்கூடு முடிந்ததும் வீரனின் தொப்புளிலிருந்து தூக்குக்குண்டு விடுங்கள். இரண்டு குளம்பும் வால் நுனியும் சேர்ந்த முக்கோணத்துக்குள் குண்டு விழ வேண்டும். வெளியே போனால் கலவை போடாதீர்கள், கூட்டைத் திருத்துங்கள். இதைவிடப் பெரிய சிலை என்றால் பொறியாளரிடம் காட்டாமல் தொடங்க வேண்டாம்.

கால்களுக்கும் தொடைக்கும் 1:1½:3 (சிமெண்ட், மணல், ஜல்லி) கான்கிரீட். கம்பிக்கு வெளியே 1 அங்குலக் கலவையாவது மூடியிருக்க வேண்டும். மார்பு, கழுத்து, தலைக்குள் செங்கல் அடைக்கக் கூடாது, 8 மி.மீ. வளையத்தின் மேல் கோழிவலை இரண்டு சுற்று, அதன்மேல் 1:3 சிமெண்ட்-மணல் கலவை ஓர் அங்குலம் போதும். காதுக்குள் 6 மி.மீ. கம்பி ஒன்று இருக்கட்டும், முதலில் உடைவது காதுதான். வயிற்றின் தாழ்ந்த இடத்தில் 1 அங்குலக் குழாய்த் துளை விடாவிட்டால் உள்ளே தண்ணீர் தேங்கிக் கம்பி துருப்பிடிக்கும்.

அக்னி நட்சத்திரத்தில் பூச்சு வேலை வேண்டாம். வேலூர் வெயிலில் கலவை இறுகும் முன்பே காய்ந்து வெடிக்கும். தை, மாசி நல்லது. ஈரச்சாக்கு சுற்றிப் பத்து நாள் தண்ணீர் காட்டுங்கள். 28 நாள் கழித்துத்தான் பிரைமரும் வண்ணமும். அவசரப்பட்டு எனாமல் அடித்தால் சிமெண்டின் காரம் அதை உரித்துவிடும்.

பிறகு ஆண்டுக்கு ஒருமுறை கணுக்காலைப் பாருங்கள். நூல் மாதிரி பழுப்புக் கோடு தெரிந்தால் உள்ளே துரு. பட்டி பூசி மறைக்காமல், கம்பி தெரியும்வரை கொத்தி, பிரஷ்ஷால் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்துவிட்டுப் புதுக்கலவை வையுங்கள்.